லண்டன் நிபுணரா, உள்ளூர் இன்ஜினீயரா? காலனித் துறைமுகங்களை வைத்து ஒரு ஒப்பீடு

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் ஒரு வார இடைவெளியில் இரண்டு துறைமுகங்களுக்கு அடிக்கல் நாட்டினார். 8ஆம் தேதி கொழும்பில், 15ஆம் தேதி மதராஸில். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். திறந்த கடலில் கல்லையும் காங்கிரீட் பாளங்களையும் இறக்கி அலைத்தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும், கப்பல் ஆடாமல் நிற்க ஒரு ஒதுக்கிடம் உண்டாக்க வேண்டும். இரண்டுக்கும் திட்டம் வகுத்தவர்கள் லண்டனிலிருந்து தொழில் நடத்திய ஆலோசனைப் பொறியாளர்கள். கொழும்புக்கு சர் ஜான் கூட், மதராஸுக்கு வில்லியம் பார்க்ஸ். கொழும்பின் தென்மேற்குச் சுவர் 1885இல் முடிந்தது, இன்றும் நிற்கிறது. மதராஸ் சுவர்களில் அரை மைல் நீளத்தை 1881 நவம்பர் 12ஆம் தேதி வந்த புயல் சில மணி நேரத்தில் வாரிக்கொண்டு போனது.

இதைப் படித்ததும் கூட் கெட்டிக்காரர், பார்க்ஸ் விவரம் போதாதவர் என்று எழுதி மூடிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேன்டில் துறைமுகக் கதையைப் படித்தபோது அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டது. அங்கே தப்பாகச் சொன்னவர் இதே கூட். சரியாகச் சொன்னவர் காலனி அரசிடம் மாதச் சம்பளம் வாங்கிய ஒரு இன்ஜினீயர்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்ப்போம். 1870களில் ஒரு காலனியின் கவர்னர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடன் வாங்கிய பணம் கையில் இருக்கிறது. ஒரு பெரிய வேலையை யார் கையில் ஒப்படைப்பீர்கள்? அன்றைக்கு இருந்த வழிகள் மூன்று. லண்டனில் பெயர் பெற்ற ஒருவரை நியமித்து அவர் சொற்படி நடப்பது ஒன்று. உங்கள் மராமத்து இலாகாவின் ஆளையே தலைமை இன்ஜினீயராக்கி முழுப் பொறுப்பையும் கொடுப்பது இன்னொன்று. ஒரு கம்பெனியிடமோ காண்டிராக்டரிடமோ வேலையைக் கொடுத்துவிட்டு, அதைக் கண்காணிக்க மட்டும் ஒருவரை வைப்பது மூன்றாவது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியாவில் ரயில் பாதைகள் இப்படித்தான் தொடங்கின. கம்பெனிகள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. அந்தப் பணம் வீணாகாமல் பார்க்க ஒவ்வொரு மாகாணத்திலும் அரசின் சார்பில் ஒரு ‘கன்சல்டிங் இன்ஜினீயர்’ உட்கார்ந்தார். மதராஸில் அந்த வேலையைப் பார்த்தவர் பியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியதற்குப் பின்னால் அவருடைய கையெழுத்துகள் நிறைய உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவர் பார்த்ததும் லண்டன் ஆலோசகர் பார்த்ததும் வேறு வேறு வேலை. இவர் திட்டம் வகுப்பவர் அல்ல, திட்டத்துக்குக் கையெழுத்து போடுகிறவர். செலவு ஏறினாலும் பங்குதாரருக்கு 5 சதவீதம் வந்துவிடும் என்கிறபோது, கண்காணிப்பவர் எவ்வளவு கறாராக இருந்து என்ன? கம்பெனி இன்ஜினீயரும் அரசு இன்ஜினீயரும் ஒரே பாலத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதிக்கொண்டதுதான் மிச்சம்.

இலங்கையும் இதே கதவைத் தட்டிப் பார்த்தது. கொழும்பு–கண்டி ரயில் பாதை முதலில் ஒரு கம்பெனியிடம் போனது. எஸ்டிமேட் இரு மடங்குக்கு மேல் ஏறியதும் 1861இல் ஒப்பந்தம் முறிந்தது. அரசே பொறுப்பை எடுத்துக்கொண்டு, பம்பாய்–தாணா பாதையைப் போட்ட ஃபேவியல் என்ற காண்டிராக்டரிடம் கட்டும் வேலையைக் கொடுத்தது. தன் பக்கத்துத் தலைமை இன்ஜினீயராக கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த் என்பவரை அங்கேயே வைத்துக்கொண்டது. 1867இல் ரயில் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. காண்டிராக்டர் இருப்பது குற்றமில்லை. காண்டிராக்டருக்கு எதிரே, அதே மலையில், அதே மழையில் நனைகிற ஒருவர் அரசின் ஆளாக நிற்கவேண்டும், அவ்வளவுதான். இந்த வழியும் கடைசியில் முதல் இரண்டில் ஒன்றில் வந்துதான் முடிகிறது.

சரி, லண்டன் நிபுணருக்கு வருவோம். அவர் பக்கத்து நியாயம் சாதாரணமானதல்ல. ஒரு காலனியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலை ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வரும். இலாகா இன்ஜினீயர் ஆயுள் முழுக்க ரோடும் பாலமும் குளமும் பார்த்தவராக இருப்பார், கடலில் ஒரு கல் இறக்கியிருக்க மாட்டார். கூட் அப்படியல்ல. இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகச் சுவரில் 1849இல் வேலை தொடங்கியபோது தலைமை இன்ஜினீயராக இருந்தவர் ரெண்டல். அவர் 1856இல் இறந்ததும் பொறுப்பு கூட் கைக்கு வந்தது. 1872இல் அதை முடித்துக் கொடுத்து சர் பட்டம் வாங்கினார். கல்லின் எடை, அலையின் குத்து, பாளத்தை எந்தச் சாய்வில் அடுக்கினால் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. லண்டன் பங்குச் சந்தையில் கடன் எழுப்ப நினைக்கிற காலனிக்கும் அந்தப் பெயர் உதவியது. கடன் கொடுப்பவருக்கு உங்கள் தலைமை இன்ஜினீயர் யாரென்று தெரியாது, கூட் யாரென்று தெரியும்.

கொழும்புக்கு அந்த அனுபவம் அப்படியே பொருந்தியது. அதற்குமுன் பெரிய கப்பல்கள் நின்றது இலங்கையின் தெற்கே உள்ள காலி (Galle) என்ற ஊரில். அந்தத் துறைமுகத்தில் பாறைகள் அதிகம், இடமும் குறைவு. கொழும்பில் எதிரி யாரென்று சந்தேகமே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வரும் திசையும் மாதமும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் திசைக்கு எதிராக நாலாயிரம் அடிக்கும் அதிகமான ஒரு சுவர் வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பாளம் இறக்குவது, பருவக்காற்று மாதங்களில் கரையில் பாளம் வார்ப்பது என்று வேலை வருடத்தோடு ஒத்துப்போனது. கல் மகர என்ற இடத்திலிருந்து வந்தது, அங்கே சிறை கட்டிக் கைதிகளை வைத்து உடைத்தார்கள். போர்ட்லண்டிலும் கைதிகள்தான் கல் உடைத்தார்கள். திட்டத்தோடு கூலிமுறையும் சேர்ந்தே கப்பலேறி வந்திருக்கிறது. மகரவில் வெயிலில் சம்மட்டி பிடித்தவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் எந்தப் பக்கமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். கூட் கொழும்பில் குடியிருக்கவில்லை. குடியிருந்தவர் ஜான் கைல், அவர்தான் தள இன்ஜினீயர். ‘கூட் கட்டிய துறைமுகம்’ என்று நாம் சொல்லும்போது, காலையில் எழுந்து கடலைப் பார்த்து ‘இன்றைக்குப் பாளம் இறக்கலாமா’ என்று முடிவு செய்தவரின் பெயர் விழுங்கப்பட்டுவிடுகிறது.

மதராஸ் வேறு மாதிரிக் கடல். அங்கே கொழும்புபோல ஒதுங்க ஒரு முனைகூட இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்ச, மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். 1861இல் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் ஒன்று வந்தும் புயல் காலத்தில் கப்பலுக்குப் பாதுகாப்பு இல்லை. பார்க்ஸ் புதியவரல்ல, கராச்சித் துறைமுக வேலையில் ஆலோசகராக இருந்தவர். அவர் போட்ட திட்டம்: கரையிலிருந்து இரண்டு சுவர்கள் கடலுக்குள் இணையாகப் போய், முனையில் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவே கிழக்குப் பார்த்த ஒரு வாசல். காகிதத்தில் பார்க்க அழகான பெட்டி.

வங்காள விரிகுடாப் புயல் கிழக்கிலிருந்துதான் வரும். 1881 புயலில் மேல் இரண்டு அடுக்குப் பாளங்கள் துறைமுகத்துக்குள்ளேயே தூக்கி எறியப்பட்டன. பாளம் இறக்கிய ராட்சதக் கிரேன்கள் இரண்டு கவிழ்ந்தன. வேலைக்காகப் போட்டிருந்த ஒன்றரை மைல் தண்டவாளமும் போனது. பிறகு லண்டனில் நிபுணர்கள் கூடி ஆராய்ந்து, திருத்திக் கட்டும் வேலை 1890களின் நடுவரை இழுத்தது.

புயல் கூட மன்னிக்கத்தக்கது என்பேன். மணல்தான் பெரிய விஷயம். சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்று மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குக் காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும், வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். கரையோடு ஒட்டிய சுவர் இந்த ஓட்டத்தை மறித்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதே பேசப்பட்டது. ஆனால் எவ்வளவு மணல், எந்த வேகத்தில் என்பதை லண்டனில் இருந்துகொண்டு அளக்க முடியாது. சுவர் எழுந்ததும் தெற்கே கரை கடலுக்குள் வளர ஆரம்பித்தது. இன்றைக்கு நாம் சுண்டல் வாங்கித் தின்றபடி நடக்கிற மெரினா மணல் பரப்பு அவ்வளவு அகலமானதற்கு அந்தச் சுவர் முக்கியக் காரணம். வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. மணல் தெற்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கமும் வரத் தொடங்கியது.

இதைத் தீர்த்தவர் இன்னொரு லண்டன் ஆலோசகர் அல்ல. 1904இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், இந்தியாவிலேயே அரசுப் பணியில் காலம் கழித்த இன்ஜினீயர். கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அதற்கு ஒரு பாதுகாப்புக் கையும் நீட்டினார். 1919 வரை அங்கேயே இருந்தார். 15 வருடம்! ஒரு மனிதர் 15 வடகிழக்குப் பருவக்காற்றுகளை அதே ஜன்னலிலிருந்து பார்த்தார் என்பதற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது.

ஃபிரிமேன்டில் கதையில் இதே மணல் தலைகீழாக விளையாடியது. ஸ்வான் ஆற்றின் வாயில் ஒரு சுண்ணாம்புப் பாறைத் திட்டு குறுக்கே கிடந்தது. பாறையை உடைத்து ஆற்றுக்குள்ளேயே துறைமுகம் அமைக்கலாமா, வெளியே கடலில் சுவர் கட்டலாமா என்பது கேள்வி. கூட்டிடம் கேட்டார்கள். அவர் முதலில் தனக்கு அனுப்பப்பட்ட காகிதங்களை வைத்தும், பின்னர் 1880களில் நேரில் வந்தும் யோசனை சொன்னார். ஆற்று வாயைத் தோண்டினால் கரையோர மணல் வந்து மூடிவிடும், வெளியே போங்கள் என்பது அவர் கருத்தின் சாரம். உலகத்தின் முதல்தரத் துறைமுக நிபுணர் சொன்னபின் யார் மறுப்பது?

1891இல் அந்தக் காலனியின் பிரதமர் ஜான் ஃபாரஸ்ட் நியூசிலாந்திலிருந்து சி. ஒய். ஓ’கானர் என்ற இன்ஜினீயரை வரவழைத்தார். பொறுப்பு எதற்கு, ரயிலுக்கா துறைமுகத்துக்கா என்று ஓ’கானர் கேட்டபோது, ரயில், துறைமுகம், எல்லாமும்தான் என்று தந்தியில் பதில் போனதாகச் சொல்வார்கள். வந்தவர் மணலைத்தான் முதலில் ஆராய்ந்தார். கூட் பயந்த அளவுக்கு அங்கே மணல் நகரவில்லை என்று அவருக்குப் பட்டது. நாடாளுமன்றத்தில் தன் வாதத்தை நிலைநிறுத்தி ஜெயித்தார். பாறையை வெடி வைத்து உடைத்தார்கள். 1897 மே மாதம் ‘சுல்தான்’ என்ற நீராவிக் கப்பல் உள்ளே வந்தது. அந்தத் துறைமுகம் இன்றும் அதே இடத்தில் வேலை செய்கிறது.

ஆக, மதராஸில் லண்டன் கணக்கு மணலைக் குறைத்து மதிப்பிட்டது. ஃபிரிமேன்டிலில் கூட்டி மதிப்பிட்டது. இரண்டு தவறும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் இதை ‘ஜாக்கிரதை போதாது’, ‘ஜாக்கிரதை அதிகம்’ என்று விளக்க முடியாது. தெரியாதது எங்கே இருந்தது என்று பார்த்தால் பிடிபடுகிறது. கொழும்பில் தெரியாதது தொழிலில் இருந்தது, பாளத்தை எப்படி அடுக்குவது என்பதில். அதை லண்டனில் விலைக்கு வாங்க முடிந்தது. மற்ற இரண்டு இடத்திலும் தெரியாதது மண்ணில் இருந்தது. அதற்கு அங்கே குடியிருந்து அளக்கிற ஆள் வேண்டும்.

லண்டன் வழிக்கு இன்னொரு கோளாறும் உண்டு, அது கூலி சம்பந்தப்பட்டது. முடியாட்சியின் நேரடிக் காலனிகளுக்கு லண்டனில் கிரவுன் ஏஜென்ட்ஸ் என்ற அலுவலகம் கடன் எழுப்பியது, தளவாடம் வாங்கியது, ஆலோசனைப் பொறியாளரையும் அமர்த்தியது. அவர் திட்டம் வகுப்பார், தண்டவாளத்தையும் பாலத்தையும் இங்கிலாந்திலேயே தருவிப்பார், தரம் சரி என்று சான்று கொடுப்பார். கட்டணமோ பெரும்பாலும் செலவின் மேல் சதவீதம். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். நான் யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. செலவு ஏறினால் தன் வருமானம் ஏறும் ஒருவரிடம் சிக்கனத்தை எதிர்பார்ப்பது நிர்வாகம் ஆகாது, பிரார்த்தனை.

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன், கோல்டு கோஸ்ட், லாகோஸ் ரயில் பாதைகள் மூன்றும் இந்த முறையில், ஷெல்ஃபோர்ட் என்ற ஆலோசகரின் கீழ்தான் 1890களில் தொடங்கின. செலவு பற்றிய முணுமுணுப்பும் கூடவே தொடங்கியது. 1907இல் வடக்கு நைஜீரியாவுக்கு உயரதிகாரியாக வந்த பெர்சி ஜிரூவார் தானே ரயில் இன்ஜினீயர், சூடான் பாலைவனத்தில் ராணுவ ரயில் பாதை போட்டவர். பாரோவிலிருந்து கானோ வரையான பாதையை லண்டன் ஆலோசகர் கையில் விடாமல், ஈகிள்சம் என்பவர் தலைமையில் இருந்த உள்ளூர்ப் பொதுப்பணித்துறையிடமே கொடுக்க வைத்தார். எளிமையான பாதை, குறைந்த செலவு. ஆனால் எல்லாக் காலனிக்கும் ஒரு ஜிரூவார் கிடைக்கமாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் இந்த உதாரணத்தைப் படிக்கவேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கே தொழில் தெரிந்தால் கதையே வேறு.

உள்ளூர் இன்ஜினீயர் வழியில் குறை இல்லையா? இருக்கிறது, சின்னதல்ல. நம் பக்கத்தில் பென்னிகுயிக் பெயர் சொன்னால் போதும், மதராஸ் பொதுப்பணித்துறை இன்ஜினீயர் ஒருவர் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தது நினைவுக்கு வரும். வென்ற கதைகளை மட்டும் நாம் நினைவு வைத்துக்கொள்கிறோம். எல்லாம் ஒரே ஆள் தலையில் இருப்பதன் விலையை ஓ’கானர்தான் கொடுத்தார். துறைமுகம் முடிவதற்குள் அவர் இன்னொரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். காலனியின் தலைநகரான பெர்த் அருகே மலையில் அணை கட்டி, 500 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, எட்டு இறைப்பு நிலையங்களால் தண்ணீரைப் பாலைவனத் தங்கச் சுரங்கங்களுக்குத் தள்ளுவது. பத்திரிகையும் அரசியல்வாதிகளும் அவரைக் கிழித்தெடுத்தார்கள். 1902 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1903 ஜனவரியில் தண்ணீர் தங்கச் சுரங்க ஊரான கால்கூர்லி போய்ச் சேர்ந்தது.

அந்தக் குழாய் வேலையில் ஓ’கானர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டை மறுத்தவர் என்பதால் லண்டன் என்றாலே வேண்டாம் என்று அவர் இருக்கவில்லை. திட்டத்தைத் தன் இலாகாவில் போட்டுவிட்டு, 1897இல் லண்டன் போய் நிபுணர்கள் குழு ஒன்றின் முன் வைத்தார். பம்பு எத்தனை, குழாயின் கனம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு தாங்கும் என்பவை தொழில் சார்ந்த கேள்விகள். அதற்கு லண்டன்தான் சரியான இடம். ஆலோசகர் தலைவராக இல்லாமல் சோதிப்பவராக இருந்தார். அதிகாரம் பெர்த்தில் இருந்தது, ஐயம் தீர்ப்பது லண்டனில்.

நாற்காலி என்னுடையது என்றால் இந்த ஏற்பாட்டைத்தான் எடுப்பேன், சில நிபந்தனைகளோடு. முதலில் தள இன்ஜினீயரை நியமிப்பேன், ஆலோசகரை அவருக்கு அப்புறம். தள இன்ஜினீயர் கவர்னருக்கு நேரடியாக எழுதலாம், ஆலோசகர் வழியாகப் போகத் தேவையில்லை. ஆலோசகருக்குக் கட்டணம் மொத்தத் தொகை, சதவீதம் கிடையாது. அவர் வந்து பார்ப்பது கடல் மோசமாக இருக்கும் மாதத்தில். வெயிலும் தென்றலுமாக இருக்கும் ஜனவரியில் மதராஸ் கடலைப் பார்ப்பவருக்கு அது ஏரி போலத்தான் தெரியும். கொழும்பு போன்ற இடமாக இருந்தால் இதில் பாதியைத் தளர்த்துவேன், கூட் கேட்டதைக் கொடுத்துவிட்டு கைல் மாதிரி ஒருவர் கிடைத்தாரா என்று மட்டும் பார்ப்பேன்.

மதராஸ் என்றால் தளர்த்தமாட்டேன். சுவர் வரைபடத்துக்கு முன்னால் மூன்று வருடம் கரையில் கம்பு நட்டு மணலை அளக்கச் சொல்வேன். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வியாபாரிகள் மனு கொடுப்பார்கள், மூன்று வருடத்தில் எத்தனை கப்பல் சரக்கு நனையும் என்று கணக்குக் காட்டுவார்கள், அது நியாயமான கணக்காகவும் இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. 1875 டிசம்பரில் இளவரசர் வந்து இறங்கும்போது மதராஸில் அவர் நாட்டுவதற்குக் கல் எதுவும் தயாராக இருந்திருக்காது.